காலேஜ் ஸ்கோர்கார்டு: சம்பளக் கணக்கை நம்பலாம், கடன் கணக்கை நீங்களே போடுங்கள்

அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தை எல்லாப் படிப்புகளுக்கும் சேர்த்து இங்கே மதிப்பிடப் போவதில்லை. ஒரே ஒரு படிப்பை வைத்துச் சோதித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்: வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புப் பட்டம். என் அக்கா மகள் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், டிவி செய்தியாளர் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். "எந்தக் காலேஜ் மாமா, எவ்வளவு கடன் வாங்கலாம்?" என்று அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் நாங்கள் இருவரும் இந்தத் தளத்தில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் படிப்பு என்றால் வீட்டில் யாரும் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. ஒளிபரப்பு என்றால் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் தொடக்கச் சம்பளம் குறைவு, கட்டணமோ மற்றப் படிப்புகளுக்கு உள்ள அதே கட்டணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தளம் காட்டும் சம்பளத் தொகையை நம்பலாம், வேறு எங்கும் இவ்வளவு நேர்மையான தொகை இலவசமாகக் கிடைக்காது. அது காட்டும் கடன் தொகையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு முடிவெடுத்துவிடாதீர்கள். அந்தத் தொகை பொய் இல்லை, ஆனால் குடும்பத்தின் தலையில் விழும் கடனில் ஒரு பகுதியைத்தான் அது சொல்கிறது.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தளம் 2013-இல் தொடங்கியது. கல்லூரிகளுக்கு அரசே மதிப்பெண் போடப் போகிறது என்று அன்றைய ஒபாமா அரசு சொன்னது, கல்லூரிகள் எதிர்த்தன, 2015-இல் அந்த மதிப்பெண் யோசனையைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக விவரங்களை அப்படியே பொதுவில் வைத்தார்கள். அந்த ஆண்டுதான் பட்டதாரிகளின் சம்பளம் வரித்துறைப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டு உள்ளே வந்தது. ஆனால் அப்போது ஒரு கல்லூரி முழுமைக்கும் ஒரே தொகை. நர்சிங் படித்தவரையும் ரேடியோ படித்தவரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய தொகையை வைத்து ஒளிபரப்பு மாணவர் என்ன செய்ய முடியும்? 2019 நவம்பரில்தான் படிப்பு வாரியாக, அதாவது இந்தக் கல்லூரியில் இந்தப் பட்டம் வாங்கியவர்கள் என்று பிரித்துச் சம்பளமும் கடனும் காட்டத் தொடங்கினார்கள். எனக்கு இந்தத் தளத்தின் மதிப்பே அந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

பதிவு செய்ய வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம், விளம்பரம் கிடையாது, பணம் கட்டி எந்தக் கல்லூரியும் மேலே வர முடியாது. ஒப்பிடும் வசதி உண்டு. கணக்குப் பிடிக்கும் என்றால் மொத்தத் தரவையும் கோப்பாக இறக்கி எக்செலில் வைத்துப் பார்க்கலாம். கல்லூரிகளின் விளம்பரக் கையேட்டில் "எங்கள் பட்டதாரிகளில் இத்தனை சதவீதம் பேர் ஆறு மாதத்தில் வேலையில் சேர்ந்துவிட்டார்கள்" என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் மாணவர்களே நிரப்பி அனுப்பிய படிவத்திலிருந்து வருவது. நல்ல வேலை கிடைத்தவர் நிரப்புவார், கிடைக்காதவர் பல நேரம் பதிலே போட மாட்டார். காபிக் கடையில் பகுதிநேரம் நிற்பவரும் "வேலையில் இருக்கிறார்" கணக்கில் வந்துவிடுவார். ஸ்கோர்கார்டில் அந்த வேலை நடக்காது, வரித்துறைக்குப் போன சம்பளம்தான் இங்கே வருகிறது.

சரி, ஒளிபரப்பைத் தேடினால் என்ன ஆகிறது? முதல் தலைவலி அங்கேதான். "பிராட்காஸ்டிங்" என்று ஒரே தலைப்பு கிடையாது. அமெரிக்காவில் எல்லாப் பட்டங்களுக்கும் சிஐபி என்று ஒரு வகைப்பாட்டு எண் உண்டு, தளம் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்களை வைத்துத்தான் தொகுக்கிறது. "ரேடியோ, டெலிவிஷன், டிஜிட்டல் கம்யூனிகேஷன்" என்பது ஒரு தொகுப்பு, எண் 09.07. ஆனால் பிராட்காஸ்ட் ஜர்னலிசம் அதில் இல்லை, அது 09.04 ஜர்னலிசத்துக்குள் போய்விடுகிறது, அதாவது செய்தித்தாளுக்கும் இணையத்துக்கும் எழுதப் படித்தவர்களோடு சேர்ந்து ஒரே தொகையாக. விளையாட்டு வர்ணனை, விளையாட்டு ஊடகம் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இன்னும் குழப்பம்: ஸ்போர்ட்ஸ் கம்யூனிகேஷன் என்ற பட்டம் விளம்பரம், மக்கள் தொடர்பு படிப்புகளின் தொகுப்பில் இருக்கிறது. கேமரா, ஒலி, கட்டுப்பாட்டு அறை போன்ற தொழில்நுட்பப் பக்கம் 10.02 என்று வேறொரு குடும்பத்தில். திரைப்படத்தோடு சேர்த்து நடத்தும் கல்லூரிகளில் அது 50.06 ஆகிவிடுகிறது. சில கல்லூரிகள் எல்லாவற்றையும் பொதுவான கம்யூனிகேஷன் படிப்பாகவே பதிவு செய்துவிட்டு, உள்ளே ஒளிபரப்பை ஒரு பிரிவாக வைத்திருக்கின்றன.

இதனால் நடைமுறையில் என்ன வருகிறது என்றால், ஒரு கல்லூரியின் ரேடியோ-டிவி தொகையை இன்னொரு கல்லூரியின் ஜர்னலிசம் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு அது உயர்த்தி, இது மட்டம் என்று சொல்லிவிட முடியாது. முதலில் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதி உங்கள் பட்டத்தின் சிஐபி எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தளத்துக்கு வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அக்கா மகள் ஐந்து கல்லூரிகளுக்கு எழுதினாள், பதில் வந்தவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தேடினோம்.

சம்பளத் தொகை எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அதன் எடை புரியும். அது நடுத்தொகை: பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. கூட்டிப் போட்டு வகுத்த சராசரி இல்லை. ஒளிபரப்புத் துறைக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் ஒரு வகுப்பிலிருந்து ஒருவர் நியூயார்க்கில் மாலைச் செய்தி வாசிப்பவராகிப் பெரும் சம்பளம் வாங்கினாலும் அவர் தொகை மற்றவர்களின் தொகையைத் தூக்கிக் காட்டாது. கூட்டாட்சி அரசின் உதவித்தொகையோ கடனோ வாங்கிப் படித்தவர்கள் மட்டும்தான் கணக்கில் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகள், முழுக்க கையிலிருந்து கட்டியவர்கள் கிடையாது. கணக்கெடுக்கும் ஆண்டில் சம்பளமே இல்லாதவர்களும், மேற்படிப்பில் இருப்பவர்களும் வெளியே. படிப்பைப் பாதியில் விட்டவர்களும் படிப்பு வாரிச் சம்பளத்தில் வரமாட்டார்கள், அவர்களுக்குக் கல்லூரியின் பட்டம் முடிக்கும் விகிதத்தைத்தான் தனியாகப் பார்க்க வேண்டும். படித்தவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனியுரிமைக்காகத் தொகையை மறைத்துவிடுவார்கள். ஒளிபரப்பு பெரும்பாலும் சிறிய துறை என்பதால் இந்த வெற்றுக் கட்டங்கள் அடிக்கடி வரும், எரிச்சலாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பட்டம் படித்தவர் என்ன வேலை செய்கிறார் என்று தளத்துக்குத் தெரியாது. நான்கைந்து ஆண்டுகள் கழித்து ரேடியோ-டிவி பட்டதாரிகளின் நடுத்தொகை கொஞ்சம் உயர்ந்து தெரிந்தால், அதில் செய்தி அறையில் நிலைத்தவர்களும் இருப்பார்கள், செய்தியை விட்டுவிட்டு ஒரு மருத்துவமனையின் விளம்பரப் பிரிவிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ சேர்ந்து சம்பளத்தைக் கூட்டிக்கொண்டவர்களும் இருப்பார்கள். இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். பட்டம் வாங்கியவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கடன் வாங்கும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். ஆனால் "டிவி வேலைக்கு இவ்வளவு சம்பளம்" என்று அந்தத் தொகையைப் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

டிவி வேலையின் தொடக்கம் எப்படி என்பதைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். டிவி பார்ப்பவர்களின் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்து வரிசை போட்டிருக்கிறது. முதலிடம் நியூயார்க், கடைசி இடம் மொன்டானாவில் உள்ள கிளென்டைவ் என்ற சின்ன ஊர். பட்டம் முடித்தவுடன் நியூயார்க்கில் யாரும் மைக்கைக் கையில் கொடுக்க மாட்டார்கள். நூறு, நூற்றைம்பது என்ற வரிசையில் உள்ள ஊருக்குப் போய், எம்எம்ஜே என்று அழைக்கப்படும் வேலையில் சேர வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், தானே படம் பிடித்து, தானே எழுதி, தானே வெட்டி ஒட்டி, தானே திரையில் நிற்கும் வேலை அது. சம்பளம் ஆண்டுக்கு 35,000 டாலர், 40,000 டாலர் பக்கத்தில் தொடங்குவது சாதாரணம். அதுவும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். நடுவில் நின்றால் நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் ஒப்பந்தங்களும் உண்டு. தொழிலாளர் புள்ளியியல் துறை 2023 மே மாதத்துக்குச் சொன்ன கணக்கில் செய்தியாளர்கள், செய்தி ஆய்வாளர்களின் நடுச் சம்பளம் 57,500 டாலர், ஆனால் அதில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் இருக்கிறார், போன மாதம் சேர்ந்தவரும் இருக்கிறார். கல்லூரிக் கண்காட்சியில் இந்த மாதிரித் தொகையைக் காட்டி ஆசை காட்டினால், முதல் வேலைக்கு எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள்.

இனி கடனுக்கு வருகிறேன். இந்தத் தளத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய குறை இங்கேதான்.

ஒளிபரப்புப் படிப்புகளை வரிசையாகத் திறந்து கடன் கட்டத்தைப் பாருங்கள். கட்டணம் அதிகமுள்ள தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் இடையே நீங்கள் எதிர்பார்த்த இடைவெளி இருக்காது, பல இடங்களில் இருபதாயிரங்களிலேயே நின்றுகொண்டிருக்கும். ஆண்டுக்கு மொத்தச் செலவு 90,000 டாலரைத் தொட்டுவிட்ட தனியார் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைகள் இவ்வளவு குறைந்த கடனோடா வெளியே வருகிறார்கள்? காரணம் எளிது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய கூட்டாட்சிக் கடனுக்கு உச்சவரம்பு இருக்கிறது: முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 7,500 டாலர். நான்கு ஆண்டுக்குக் கூட்டினால் 27,000. சட்டமே அதற்கு மேல் விடாது. தளத்தில் முதல் பார்வையில் தெரியும் தொகை இந்த மாணவர் கடன் மட்டும்தான். மேலே உள்ள செலவு அம்மா அப்பா பெயரில் பேரன்ட் பிளஸ் கடனாகவும், வங்கியில் வாங்கும் தனியார் கடனாகவும் போய்விடுகிறது. பேரன்ட் பிளஸ் விவரம் தளத்தில் தேடினால் கிடைக்கும். தனியார் கடன் தளத்தில் எங்கேயும் கிடையாது, கூட்டாட்சிக் கடன் பதிவேட்டில் அது வராது. போதாததற்கு, இந்த நடுத்தொகை கடன் வாங்கியவர்களை மட்டும் வைத்துப் போட்டது.

அதனால்தான் "குறைந்த கடன்" என்று வரிசைப்படுத்தும் வசதியை ஒளிபரப்புப் படிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்கிறேன். உச்சவரம்பில் போய் முட்டி நிற்கும் தொகைகளை வரிசைப்படுத்தினால் கல்லூரியின் உண்மைச் செலவைப் பற்றி எதுவும் தெரியாது. ஓர் அரசுத் தளம் இந்த உச்சவரம்பை அந்தக் கட்டத்துக்கு அடியிலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை, ஆங்கிலப் படிவங்களோடு போராடும் பெற்றோர், இவர்களுக்காகத்தானே இந்தத் தளம்?

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 27,000 டாலர் மாணவர் கடன், வட்டி 6.39 சதவீதம், இது 2025-26 கல்வியாண்டுக் கடனுக்கான விகிதம். படிக்கும் காலத்தில் சேரும் வட்டியை விட்டுவிடுவோம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 305 டாலர். கிளென்டைவ் அளவு ஊரிலோ அதைவிடக் கொஞ்சம் பெரிய ஊரிலோ 36,000 டாலர் சம்பளத்தில் சேர்ந்தவருக்கு அது மொத்தச் சம்பளத்தில் பத்து சதவீதம், வரி பிடிப்பதற்கு முன்பே. லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளையும் சான்றிதழ்ப் படிப்புகளையும் சோதிக்கக் கல்வித்துறை 2014-இல் கொண்டுவந்த விதியில், கடன் தவணை ஆண்டுச் சம்பளத்தில் எட்டு சதவீதத்துக்குள் இருந்தால் தேர்ச்சி. அந்த எட்டு சதவீதத்தை நான் எல்லாக் கல்லூரிக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். 305 டாலர் தவணை அதற்குள் அடங்க வேண்டுமானால் சம்பளம் 45,700 டாலருக்கு மேல் வேண்டும், சிறு ஊர் டிவி முதல் வேலையில் அது வராது. 2026 ஜூலை 1-க்குப் பிறகு வாங்கும் புதிய கடன்களுக்கு, 25,000 டாலரைத் தாண்டினால் வழக்கமான தவணைக் காலமே 15 ஆண்டு. அப்போது மாதம் சுமார் 234 டாலர், எட்டு சதவீதத்துக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் மொத்தம் கட்டுவது 42,000 டாலர்.

இது மாணவர் பெயரில் உள்ளது மட்டும். பெற்றோர் 60,000 டாலர் பிளஸ் கடன் வாங்கினார்கள் என்று வையுங்கள். அதற்கு வட்டி அதே ஆண்டில் 8.94 சதவீதம், வாங்கும்போதே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். புதிய விதிப்படி 20 ஆண்டுத் தவணை, மாதம் சுமார் 538 டாலர், கடைசியில் கட்டி முடிக்கும் தொகை 1,29,000 டாலர். ஐம்பது வயது அப்பா எழுபது வயதுவரை கட்டுவார். இரண்டு தவணையையும் பிள்ளையே ஏற்றுக்கொண்டால் 36,000 டாலர் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். மிச்சத்தில் வாடகை, கார், அதற்குக் காப்பீடு. எம்எம்ஜே வேலைக்கு ஓட்டுநர் உரிமமும் வண்டி ஓட்டத் தெரிவதும் கட்டாயம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் பெற்றோர் பிளஸ் கடனுக்கும் உச்சவரம்பு போட்டுவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர். முன்பு கல்லூரி சொல்லும் செலவு முழுவதையும் வாங்கலாம். இது நல்லதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடனுக்குப் போனால் அது இந்தத் தளத்தின் கண்ணிலேயே படாது, அதனால் ஸ்கோர்கார்டின் கடன் கட்டம் இனிமேல் இன்னும் குறைவாகச் சொல்லப் போகிறது. அதே சட்டம் ஒரு சம்பளச் சோதனையையும் கொண்டுவந்திருக்கிறது: ஒரு இளநிலைப் படிப்பை முடித்தவர்களின் நடுச் சம்பளம், கல்லூரிக்கே போகாமல் பள்ளியோடு நிறுத்தியவர்களின் நடுச் சம்பளத்தைவிடக் குறைவாக, மூன்றில் இரண்டு ஆண்டு இருந்தால் அந்தப் படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் கிடைக்காது. கவனியுங்கள், அந்தச் சோதனையில் கடன் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டினால் போதும், கடன் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி. அதனால் "அரசே தேர்ச்சி கொடுத்த படிப்பு" என்று யாராவது சொன்னால் அதைக் கடனுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடன் கட்டத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது என்றால், அதே தளத்தில் உள்ள நிகரச் செலவு. உதவித்தொகைகளைக் கழித்துவிட்டு ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு கட்டுகிறது என்பதைக் குடும்ப வருமானம் வாரியாக ஐந்து அடுக்காகக் காட்டுகிறார்கள். 30,000 டாலருக்குக் கீழே தொடங்கி 1,10,000-க்கு மேல்வரை. உங்கள் அடுக்கைப் பார்த்து, நான்கால் பெருக்கி, கையில் உள்ள சேமிப்பைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வீட்டின் உண்மையான கடன். இதில் ஒரு பொறி இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் காட்டப்படும் நிகரச் செலவு அந்த மாநிலத்தில் வசிக்கும் மாணவர்களுக்கானது. மிசௌரி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-இல் தொடங்கிய அதன் இதழியல் பள்ளி இந்தத் துறையில் பெரிய பெயர். கொலம்பியா ஊரில் கேஓஎம்யூ என்ற, என்பிசி தொலைக்காட்சியின் இணைப்பு நிலையத்தை அந்தப் பல்கலைக்கழகமே நடத்துகிறது, மாணவர்கள் உண்மையான ஊருக்கு உண்மையான செய்தி கொடுக்கிறார்கள். ஸ்கோர்கார்டில் தெரியும் அதன் நிகரச் செலவு மிசௌரிக்காரருக்கு. நியூ ஜெர்சியிலிருந்து போகும் பிள்ளைக்கு வெளிமாநிலக் கட்டணம், அது வேறு கணக்கு. கல்லூரியின் சொந்தத் தளத்தில் நிகரச் செலவுக் கணிப்பான் கட்டாயம் இருக்கும், 2011 முதல் அது சட்டம். அதில் போட்டுப் பாருங்கள்.

கேஓஎம்யூ மாதிரி விஷயங்களை எந்தக் கட்டமும் காட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் முதல் வேலை வாங்கித் தருவது ரீல், அதாவது மாணவர் செய்த செய்திகளைத் தொகுத்த சில நிமிட வீடியோ. செய்தி இயக்குநர் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார். தினமும் ஒளிபரப்பாகும் நிலையத்தில் மாணவர் இரண்டாமாண்டிலேயே வேலை செய்ய முடிகிறதா, அல்லது கடைசி ஆண்டில் மட்டும் ஸ்டுடியோவுக்குள் விடுகிறார்களா என்பது சம்பளத்தை நிர்ணயிக்கும் விஷயம். அரிசோனா ஸ்டேட்டின் க்ரான்கைட் பள்ளி, சிரக்யூஸின் நியூஹவுஸ், பாஸ்டனில் எமர்சன் என்று பெயர் பெற்ற இடங்கள் உண்டு. நியூ ஜெர்சிக்குள்ளேயே ரோவன் பல்கலைக்கழகத்தில் ரேடியோ, டிவி, ஃபிலிம் துறையும் சொந்த எஃப்எம் நிலையமும் இருக்கின்றன, மாண்ட்கிளேர் ஸ்டேட்டில் ஊடகப் பள்ளி இருக்கிறது. உள்மாநிலக் கட்டணத்தில் மைக்கைப் பிடிக்க முடியும் என்றால், பெரிய பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சம்பளத்தில் திரும்பி வருகிறதா என்று ஸ்கோர்கார்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தளம் மிக அருமையாக உதவுகிறது. அக்கா மகளின் பட்டியல் இந்த ஒப்பீட்டில்தான் பாதியாகச் சுருங்கியது.

முதுநிலைக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே கடன் தொகை கசப்பான உண்மையைச் சொல்லும், ஏனென்றால் முதுநிலை மாணவர்கள் தங்கள் பெயரிலேயே செலவு முழுவதையும் கடனாக வாங்க முடிந்தது. 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இந்தத் தரவை வைத்துத்தான் எழுதியது: நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் திரைப்பட முதுநிலைப் படிப்பில் கூட்டாட்சிக் கடன் வாங்கியவர்களின் நடுக் கடன் 1,81,000 டாலர், இரண்டு ஆண்டு கழித்து அவர்களில் பாதிப் பேர் சம்பாதித்தது ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் கீழே. ஒளிபரப்புக்குப் பக்கத்து வீட்டுத் துறை அது. 2026 ஜூலைக்குப் பிறகு புதிய முதுநிலை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. இளநிலையை முடித்து வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒளிபரப்பில் முதுநிலைக்குப் போக நினைப்பவர்கள் அந்தக் கட்டத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

தரவு பழையது என்பது இன்னொரு சங்கடம். நான்கைந்து ஆண்டு கழித்த சம்பளம் என்றால், அதற்கும் முன்னால் பட்டம் வாங்கியவர்களின் அனுபவம் அது. அதற்குப் பிறகு துறை நிறைய மாறிவிட்டது. 2025 ஜூலையில் நாடாளுமன்றம், பொது வானொலி, டிவி நிலையங்களுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்தளித்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அடுத்த மாதமே அந்தக் கழகம் மூடுவதற்கான வேலையைத் தொடங்கிவிட்டது. சிறு ஊர்களின் பொது வானொலி நிலையங்கள்தான் பல இளைஞர்களுக்கு முதல் படி. அதே ஆண்டு ஆகஸ்டில், நாடு முழுக்க டிவி நிலையங்களை நடத்தும் நெக்ஸ்டார், அதே தொழிலில் உள்ள டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. ஒரே ஊரில் இரண்டு செய்தி அறைகள் ஒரே முதலாளியிடம் வந்தால் இரண்டையும் தனித்தனியாக நடத்துவார்களா என்பது சந்தேகம்தான். இவை எதுவும் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் சம்பளக் கட்டத்துக்குள் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. அதனால் தளம் காட்டும் தொகையிலிருந்து கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுவது பாதுகாப்பு.

கூடவே திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு தளம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பிஎஸ்இஓ. அது உதவித்தொகை வாங்காதவர்களையும் சேர்க்கிறது, பட்டம் முடித்து 1, 5, 10 ஆண்டு கழித்து என்று மூன்று கட்டமாகக் காட்டுகிறது, நடுத்தொகையோடு கீழ்க் கால்மானத் தொகை, மேல் கால்மானத் தொகையும் தருகிறது, அதாவது நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 25-ஆவது, 75-ஆவது ஆளின் சம்பளம். ஒளிபரப்பில் மேலும் கீழும் எவ்வளவு விரிகிறது என்று தெரிய அதுதான் வழி. ஆனால் சேர்ந்திருக்கும் மாநிலங்கள், பல்கலைக்கழகங்கள் மட்டும்தான் அதில் உண்டு, உங்கள் கல்லூரி இல்லாமல் போகலாம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கூட்டாட்சிக் கடன் கிடையாது, ஆகவே உங்களைப் போன்ற யாரும் ஸ்கோர்கார்டின் சம்பளத்திலும் இல்லை, கடனிலும் இல்லை. ஊரில் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கும் கடனுக்கு வட்டி வேறு, டாலர் மாற்று விகிதம் வேறு. அதற்கு மேல், பட்டம் முடித்தபின் இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் விசாவுக்கு ஒரு சின்ன டிவி நிலையம் விண்ணப்பிக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. அங்கே தெரியும் தொகையை உங்களுக்கான மேல்வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், சம்பளத் தகவலுக்கு நாலரை, கடன் தகவலுக்கு இரண்டு, ஒளிபரப்பைத் தேடும் வசதிக்கு இரண்டரை. கடன் கட்டத்தில் மாணவர் கடனையும் பெற்றோர் கடனையும் கூட்டி முதல் பார்வையிலேயே காட்டினால், பக்கத்தில் உச்சவரம்பையும் எழுதினால், இரண்டு நாலாகிவிடும். அக்கா மகள் இப்போது மிச்சமுள்ள மூன்று கல்லூரிகளுக்கும் கேள்வி அனுப்பியிருக்கிறாள்: போன ஆண்டு பட்டம் வாங்கிய ஒளிபரப்பு மாணவர்களில் எத்தனை பேர் செய்தி அறையில் இருக்கிறார்கள், எந்த ஊர்களில், தொடக்கச் சம்பளம் எவ்வளவு. எழுத்தில் பதில் கொடுக்கும் கல்லூரிக்கு முதலிடம் என்று முடிவு செய்திருக்கிறாள். பதில்கள் வந்ததும் அந்தத் தொகைகளை ஸ்கோர்கார்டு தொகைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.